ரேங்க் வந்த பிறகு பிராஞ்சை (மேற்படிப்புத் துறையை) யோசிக்கலாமா?

9 மார்ச் 2025 – கேள்வி

ஹவுஸ் சர்ஜன்சி (எம்பிபிஎஸ் இன்டர்ன்ஷிப்) முடிய இன்னும் மூன்று வாரம். யாரைக் கேட்டாலும் "முதல்ல ரேங்க் வாங்கு, பிராஞ்ச் தானா வரும்" என்கிறார்கள். மெடிசினா (பொது மருத்துவம்) ரேடியோவா (ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜி) என்று மனசு ஆடிக்கொண்டிருந்தது. மயக்கவியல் போஸ்டிங் போட்டதும் அதுவும் பிடித்துப்போனது. இப்போதே முடிவெடுக்க வேண்டுமா? நீட் பிஜி (முதுநிலை நுழைவுத் தேர்வு) படிப்பு கெடாமல் இருக்க அதைத் தள்ளிவைப்பதுதான் சரியா?

9 மார்ச், இரவு – பதில்

தள்ளிவைக்க வேண்டாம். ரேங்க் வந்தபின் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு (கவுன்சலிங்கில் விருப்ப இடங்களை வரிசைப்படுத்துவதற்கு) கிடைப்பது சில நாட்கள்தான். போன வருடக் கட்-ஆஃபும் வீட்டுப் பெரியவர்களும் வாட்ஸ்அப் குழுவும் சேர்ந்து உங்களுக்காக முடிவெடுத்துவிடுவார்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று: வார்டு, தியேட்டர், ஸ்கேன் அறை மூன்றும் ஏன் எதற்கு என்று கேட்காமல் உங்களை உள்ளே விடுவது இன்னும் மூன்று வாரம் மட்டுமே.

மூன்று துறைக்கும் போங்கள், ஆனால் சுவாரசியமான நேரத்தில் போகாதீர்கள். மெடிசினில் அட்மிஷன் டே யாருக்கும் பிடிக்கும். அதற்கு மறுநாள் மதியம் போங்கள். இரவு தூங்காத பிஜி (முதுநிலை மாணவர்) ரவுண்ட்ஸ் முடித்து, லேப் ரிசல்ட் தேடி, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி, காப்பீட்டுத் திட்டத்துக்கு ப்ரீ-ஆத் (முன் அனுமதி) போட்டுக்கொண்டிருப்பார். மூன்று வருடத்தில் பாதி அதுதான். ரேடியோவில் அரிய எம்ஆர்ஐ படத்தைக் காட்டும்போது பார்ப்பதை விட, வரிசையாக அறுபது வயிற்று ஸ்கேன் செய்யும் காலையைப் பாருங்கள். கருவுற்றவருக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் எஃப் படிவம் எழுத வேண்டும். மயக்கவியலில் முந்தின மாலை ப்ரீ-ஆப் (ஆபரேஷனுக்கு முந்தைய) ரவுண்ட்ஸுக்குக் கூடப் போங்கள். பட்டினி நேரம், மல்லம்பட்டி (வாயைத் திறக்கச் சொல்லி, குழாய் போடுவது எளிதா என்று பார்ப்பது), பழைய மருந்துச் சீட்டு என்று ஒவ்வொரு படுக்கையாகக் கேட்டுவருவதைப் பாருங்கள். காலை ஏழரைக்கு மெஷின் செக், லீக் டெஸ்ட், சக்ஷன், லாரிங்கோஸ்கோப் பல்பு. நோயாளிக்கு நினைவிருக்கப்போவது சர்ஜன் முகம்தான். அது உங்களுக்கு உறுத்துகிறதா, இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ரேங்க் இறங்கினால் பேத்தாலஜி (நோய்த் திசு ஆய்வு), மைக்ரோ (கிருமியியல்) மாதிரி பாரா கிளினிக்கல் (பெரும்பாலும் ஆய்வகத்தில் நடக்கும்) துறைகள் எப்போதும் இருக்கிறது, பயம் வேண்டாம்.

10 மார்ச்

ஒரு சேர்க்கை. பேச வேண்டியது யூனிட் சீஃபிடமோ முதல் வருட பிஜியிடமோ அல்ல. முதல் வருடம் எல்லாத் துறையிலும் கஷ்டம், சீஃபுக்கு எல்லாம் பழகிவிட்டது. எம்டி முடித்து ஐந்தாறு வருடம் ஆன அசிஸ்டென்ட் புரொஃபசரைப் பிடியுங்கள். "இந்த வேலையில் எது உங்களுக்கு இன்னும் சலிக்கவில்லை?" என்ற ஒரு கேள்வி போதும்.

12 மார்ச்

"வருமானத்தைப் பற்றி ஏன் பேசவில்லை?" என்று ஒருவர். பேசலாம், ஆனால் முதலில் ஆண்டுகளைக் கணக்குப் போடுங்கள். எம்டி, எம்எஸ் மூன்று வருடம். அதன்பின் டிஎம், எம்சிஹெச் என்ற உயர்சிறப்புப் படிப்பு இன்னும் மூன்று, அதற்கு நீட் எஸ்எஸ் என்ற தேர்வு எழுத வேண்டும். நடுவில் பாண்ட் (அரசுக்குக் கட்டாயப் பணி), சீனியர் ரெசிடென்சி (எம்டி முடித்தபின் மருத்துவமனைப் பணி). ஜெனரல் மெடிசின் எடுப்பவர் நகரத்தில் வேலை செய்ய நினைத்தால் பெரும்பாலும் டிஎம் வரை போக வேண்டியிருக்கிறது. ஆக மெடிசின் எடுப்பதென்றால் இன்னொரு நுழைவுத் தேர்வையும் சேர்த்தே எடுக்கிறீர்கள். ரேடியோ, தோல், மயக்கவியல், கண் ஆகியவற்றில் எம்டி அல்லது எம்எஸ்ஸோடு நின்று வேலை பார்ப்பவர்களே அதிகம்.

கதவுகள் எங்கே திறக்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள். கார்டியாலஜி டிஎம்முக்கு மெடிசின் மட்டுமல்ல, குழந்தை மருத்துவம், நுரையீரல் படித்தவர்களும் போகலாம். கிரிட்டிகல் கேருக்கு மயக்கவியலிலிருந்தும் வழி உண்டு. நியோநேட்டாலஜி (பச்சிளங்குழந்தை மருத்துவம்) என்றால் குழந்தை மருத்துவம் படித்திருக்க வேண்டும். யூராலஜிக்கு ஜெனரல் சர்ஜரி. சர்ஜிக்கல் ஆன்காலஜிக்கு சர்ஜரி தவிர இஎன்டி, ஆர்த்தோ, மகப்பேறு படித்தவர்களுக்கும் இடமிருக்கிறது. "எனக்கு இதயம் பிடிக்கும்" என்பவர் மெடிசின் கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டியதில்லை.

எம்பிபிஎஸ் முடித்ததும் நேரடியாக ஆறு வருடம் என்றும் சில படிப்புகள் உள்ளன. நியூரோசர்ஜரி அப்படி ஒன்று. இருபத்து நாலு வயதில் உறுதியாகத் தெரிந்தவருக்கு மட்டும்.

14 மார்ச் – திருத்தம்

பேத்தாலஜி படித்த ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நியாயம். 9ஆம் தேதி நான் எழுதிய கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன்.

அவர் சொன்னதன் சாரம்: ஃப்ரோசன் செக்‌ஷன் (ஆபரேஷன் நடுவிலேயே திசுவை உறையவைத்துப் பார்க்கும் சோதனை) வரும்போது தியேட்டரில் நோயாளி வயிறு திறந்தபடி படுத்திருப்பார், சர்ஜன் காத்திருப்பார், கையில் இருப்பது சுமார் இருபது நிமிடம். "மார்ஜின் கிளியர்" (வெட்டிய விளிம்பில் கட்டி இல்லை) என்ற இரண்டு சொல்லில் ஆபரேஷனே திசை மாறும். க்ராஸிங் மேஜையில் (ஆபரேஷனில் எடுத்த உறுப்பைச் சோதனைக்குத் துண்டு போடும் இடம்) ஒரு மார்பகத்தைச் சரியாக வெட்டி, மை பூசி, சரியான இடத்திலிருந்து துண்டெடுக்கத் தெரியாவிட்டால் பின்னால் எந்த மைக்ராஸ்கோப்பும் காப்பாற்றாது. ரத்தவியலில் டிஎம் போகவும் வழி உண்டு. ரேங்க் இறங்கியதால் மட்டும் வந்து சேர்ந்தவர் மூன்று வருடமும் "கிளினிக்கல் போயிருக்கலாம்" என்று ஏங்கிக்கொண்டே ஸ்லைடு பார்ப்பார். அது நோயாளிக்கு ஆபத்து.

எஸ்பிஎம்மையும் (சமூக மருத்துவம்) இதோடு சேர்த்துச் சொல்கிறேன். பொது சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகமும் தனிப் பணிப் பிரிவும் வைத்திருக்கும் மாநிலம் தமிழ்நாடு. பொது சுகாதாரச் சட்டம் இங்கே 1939இலேயே வந்துவிட்டது. கொள்ளை நோய் வேலையில் ஆசை உள்ளவருக்கு அது முதல் தேர்வாகவே இருக்கலாம்.

15 மார்ச்

உடம்பையும் கேளுங்கள். இதை யாரும் எழுதுவதில்லை. இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழம் உணர்வது குறைவாக இருந்தால் கண் அறுவை மைக்ராஸ்கோப்பில் திணறும். எம்எஸ் சேருவதற்கு முன் ஸ்டீரியாப்சிஸ் சோதனை செய்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். கையில் எக்சிமா இருப்பவர் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை ஸ்க்ரப் செய்ய வேண்டிய துறையை யோசித்து எடுக்கட்டும். ஆர்த்தோவில் சி-ஆர்ம் எக்ஸ்ரே ஓடும்போதெல்லாம் ஈய ஏப்ரனோடு நிற்க வேண்டும், ஏற்கனவே முதுகுவலி உள்ளவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆர்த்தோவுக்கு முரட்டு பலம் வேண்டும் என்பது மட்டும் கட்டுக்கதை. நெம்புகோலும் டெக்னிக்கும்தான் வேலை செய்கின்றன. உயரம் குறைந்தவர்கள் ஸ்டூல் போட்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

20 மார்ச்

நீட் பிஜி ஜூன் 15, இரண்டு ஷிப்ட் என்று அறிவிப்பு வந்துவிட்டது. தேர்வைப் பற்றிக் கேட்டீர்கள்.

200 கேள்வி, 800 மார்க். சரிக்கு 4, தவறுக்கு 1 குறையும். மூன்றரை மணி நேரத்தை மொத்தமாகத் தரமாட்டார்கள். 40 கேள்வி கொண்ட ஐந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் 42 நிமிடம். நேரம் முடிந்தால்தான் அடுத்த பகுதி திறக்கும், திறந்துவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது. ஒரு கேள்விக்கு 63 விநாடி. "கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பழக்கத்தோடு வருபவர்கள் இங்கேதான் அடிவாங்குகிறார்கள். முதல் சுற்றை 30 நிமிடத்துக்குள் முடித்து, 12 நிமிடத்தை மார்க் செய்துவைத்த கேள்விகளுக்கு ஒதுக்கிப் பழகுங்கள். வீட்டில் கிராண்ட் டெஸ்ட் (முழு மாதிரித் தேர்வு) எழுதும்போதும் இதே 42 நிமிட முறைதான். ஆப்பில் 200 கேள்வியையும் ஒன்றாகத் திறந்துவைத்து எழுதினால் அது வேறு தேர்வு.

இரண்டு ஷிப்ட் என்பதால் இரண்டு வினாத்தாள். நார்மலைசேஷன் (இரண்டு தாளின் மதிப்பெண்ணையும் சமன் செய்யும் கணக்கு) செய்வார்கள். கடினமான ஷிப்ட் மாட்டினால் கலங்க வேண்டாம், ஒப்பீடு உங்கள் ஷிப்டில் எழுதியவர்களோடுதான்.

தெரியாததை விடுவதா, போடுவதா? கண்ணை மூடி நாலு கேள்விக்குப் போட்டால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு: கூட்டினால் +1. லாபம் சின்னதுதான், ஆனால் நஷ்டம் இல்லை. ஒரு ஆப்ஷனை உறுதியாக அடிக்க முடிந்தால் கட்டாயம் போடுங்கள். ஐஎன்ஐ-செட்டில் (எய்ம்ஸ் போன்ற தேசிய நிறுவனங்களின் தனித் தேர்வு) கணக்கு வேறு. அங்கே சரிக்கு 1, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும். கண்மூடிப் போட்டால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு ஆப்ஷனை அடித்த பிறகுதான் சாதகம். எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பிஜிஐ, பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் எல்லாம் ஐஎன்ஐ-செட்டில்தான் வரும். ஆண்டுக்கு இரு முறை, மே மாதமும் நவம்பரும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சைக்கியாட்ரி மனதில் இருப்பவர் நிம்ஹான்ஸை நினைத்தாவது அதை எழுத வேண்டும்.

21 மார்ச்

தவறுகளை எப்படிப் பார்ப்பது என்று எழுத மறந்துவிட்டேன். ஒவ்வொரு கிராண்ட் டெஸ்டுக்குப் பின்னும் தவறானவற்றை நாலாகப் பிரியுங்கள்: படிக்கவே இல்லை, படித்து மறந்தது, கேள்வியைத் தவறாக வாசித்தது, சரியாகப் போட்டு மாற்றியது. மூன்றாவதும் நாலாவதும் சேர்ந்து பத்துக்கு மேல் போனால் புதிதாகப் படிப்பதை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். பத்துக் கேள்வி தவறானால் இழப்பு 40 இல்லை, 50 மார்க். 19 சப்ஜெக்டையும் ஒருமுறை முடிப்பதை விட, மைக்ரோ, பார்மா, பேத்தாலஜி, எஸ்பிஎம் நாலையும் மூன்று முறை திருப்புவது நடைமுறையில் அதிகம் தருகிறது. அவை மற்றப் பாடங்களின் கேள்விகளுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கும்.

19 ஏப்ரல்

விண்ணப்பம் திறந்துவிட்டது, மே 7 வரை. கட்டணம் 3,500, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 2,500. இன்டர்ன்ஷிப் ஜூலை 31க்குள் முடிய வேண்டும். லீவ் எடுத்து எக்ஸ்டென்ஷன் வாங்கியவர்கள் நாட்களை எண்ணிப்பாருங்கள்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆண்டுதோறும் தடுக்கி விழும் இடம் ஒன்று. கையிலிருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநில ஒதுக்கீட்டுக்கு. அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓபிசி 27 சதவீதம் கேட்க வேண்டுமென்றால் மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் இல்லை என்று எழுதிய ஓபிசி சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அதில் இருக்காது. வருமான வரம்பு எட்டு லட்சம், அந்தக் கணக்கில் பெற்றோர் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமல் "அப்பாவுக்குச் சம்பளம் அதிகம்" என்று கேட்காமலே விட்டவர்கள் நிறைய. ஆனால் பெற்றோர் வகித்த பதவியின் நிலையை வைத்துத் தனியாக ஒரு சோதனை உண்டு, குரூப் ஏ பதவியில் நேரடியாகச் சேர்ந்தவரின் பிள்ளை என்றால் எட்டு லட்சக் கணக்கே எழாது, கிரீமி லேயர்தான். இப்போதே இ-சேவையில் போடுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் கவுன்சலிங் வாரத்தில் போய் நிற்க முடியாது.

மாநிலப் பாதியில் நீங்கள் நினைப்பதை விடக் குறைவான இடங்களே உங்களுக்கு. அரசுக் கல்லூரியில் நூறு இடம் என்றால் ஐம்பது அகில இந்திய ஒதுக்கீடு. மீதி ஐம்பதில் பாதி, பணியிலிருக்கும் அரசு மருத்துவர்களுக்கு. ஆகப் புதிதாக வருபவருக்கு இருபத்தைந்து, அதற்குள்தான் 69 சதவீத இட ஒதுக்கீடு. மருத்துவமனை வேலையில் இருக்கும் அவர்கள் மீது எரிச்சல் வேண்டாம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆள் இருப்பதற்கு அந்த ஒதுக்கீடு ஒரு முக்கியக் காரணம்.

31 மே

20 மார்ச் குறிப்பில் நார்மலைசேஷன் பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள். ஒரே ஷிப்டில் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நேற்று சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு. இரண்டு வெவ்வேறு தாளை எந்தச் சூத்திரம் வைத்தாலும் முழுமையாகச் சமன் செய்ய முடியாது.

7 ஜூன்

தேர்வு ஆகஸ்ட் 3க்குத் தள்ளிப்போய்விட்டது. ஏழு வாரம் கூடுதலாக வந்திருக்கிறது. இந்த ஏழு வாரத்தில் புதிய வீடியோ, புதிய நோட்ஸ் எதையும் தொடாதீர்கள். வாரம் ஒரு கிராண்ட் டெஸ்ட், காலை ஒன்பது மணிக்கே, தேர்வு நேரத்திலேயே. மறுநாள் முழுக்க அதன் தவறுகள். மீதி ஐந்து நாள் திருப்புதல், ஒரு நாள் ஓய்வு என்று எழுத நினைத்தேன். கூட்டிப் பார்த்தால் எட்டு நாள் வருகிறது. திருப்புதல் நாலு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஓய்வில் கைவைக்காதீர்கள்.

5 ஆகஸ்ட்

தேர்வில் வந்த கேள்விகளைக் குழுவில் நினைவுபடுத்தி மார்க் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். இப்போது செய்ய வேண்டியது கல்லூரிகளைப் பற்றி விசாரிப்பது. பிராஞ்ச் ஒன்றேதான், ஆனால் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடமே சிசேரியன் தனியாகச் செய்வார்கள், இன்னொன்றில் மூன்றாம் வருடமும் ரிட்ராக்டர் பிடிப்பார்கள்.

அங்கே இப்போது படிக்கும் பிஜியிடம் கேட்க வேண்டியவை: யூனிட்டுக்கு எத்தனை பிஜி, எத்தனை எஸ்ஆர் (சீனியர் ரெசிடென்ட்)? கண் மருத்துவம் என்றால் மூன்று வருடத்தில் எத்தனை எஸ்ஐசிஎஸ் (தையலில்லாக் கண்புரை அறுவை), ஃபேகோ (கருவியால் கண்புரையை உடைத்தெடுப்பது) கையில் தருகிறார்களா? ரேடியோ என்றால் எம்ஆர்ஐ அந்த வளாகத்திலேயே இருக்கிறதா, ரிப்போர்ட்டை பிஜி எழுதி சீனியர் திருத்துகிறாரா? மயக்கவியல் என்றால் இரவில் மேலே யார் இருக்கிறார்கள்? ஸ்டைபண்ட் அறிவித்தபடி கணக்கில் விழுகிறதா? வார விடுமுறை கிடைக்கிறதா? 2023 முதுநிலை மருத்துவக் கல்வி விதிப்படி ஆண்டுக்கு 20 நாள் கேஷுவல் லீவ் உண்டு, வார விடுமுறை "பணிச்சூழலைப் பொறுத்து". அந்தச் சூழல் எப்போதும் பொறுக்காத துறைகள் உண்டு, அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். மூன்று மாத மாவட்ட ரெசிடென்சிக்கு (மாவட்ட மருத்துவமனைப் பயிற்சி) எங்கே அனுப்புகிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

டிஎன்பி (தேசியத் தேர்வு வாரியம் தரும், எம்டிக்கு நிகரான பட்டம்) பற்றி: பெரிய தனியார் மருத்துவமனையில் வேலைப் பயிற்சி நன்றாக இருக்கலாம், ஆனால் நோயாளி கன்சல்டன்டுடைய ஆள், கத்தி உங்கள் கைக்கு வருமா என்பதே கேள்வி. இறுதித் தேர்வைத் தேசிய வாரியமே நடத்தும், உள்ளூர் முகங்கள் இருக்காது.

வெளிமாநில அரசு இடம் என்றால் பாண்ட் அந்த மாநிலத்துடையது. எத்தனை வருடம், எத்தனை லட்சம், ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்துவைப்பார்களா: மூன்றையும் சாய்ஸ் போடும் முன் பார்க்க வேண்டும்.

20 ஆகஸ்ட்

ரேங்க் வந்துவிட்டது. இனி பட்டியல்.

பட்டியலை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். மகிழ்ச்சியோடு சேரும் இடங்கள், சேரக்கூடிய இடங்கள், சேரவே மாட்டேன் என்பவை. மூன்றாவதைத் தாளில் எழுதிவைத்து, சாய்ஸில் ஒன்றைக்கூடப் போடாதீர்கள். "சும்மா இருக்கட்டும்" என்று கடைசியில் சேர்க்கும் சாய்ஸ்தான் பலருக்கும் கிடைக்கிறது.

வரிசை உங்கள் ஆசையின் வரிசையாக இருக்க வேண்டும், கிடைக்கும் வாய்ப்பின் வரிசையாக அல்ல. கணினி மேலிருந்து கீழே பார்த்து உங்கள் ரேங்குக்கு முதலில் இருக்கும் இடத்தைத் தருகிறது. எட்டாத இடத்தை மேலே போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. போன வருடக் கட்-ஆஃப் பட்டியல் எவ்வளவு நீளம் போட வேண்டும் என்று சொல்லும், எதை மேலே போடுவது என்று சொல்லாது.

அகில இந்தியக் கவுன்சலிங்கில் முதல் சுற்றில் கிடைத்ததில் சேராவிட்டால் நஷ்டமில்லை. இரண்டாம் சுற்றில் கிடைத்துச் சேராவிட்டால் டெபாசிட் போகும்: பொதுப் பிரிவுக்கு 25,000, எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 10,000, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் 2 லட்சம். முதல் சுற்றில் சேர்ந்து அப்கிரேட் கேட்டவருக்கு இரண்டாம் சுற்றில் வேறு இடம் விழுந்தால் பழைய இடம் அந்த நிமிடமே போய்விடும், "பழையதே போதும்" என்று திரும்ப முடியாது. ஆகவே இரண்டாம் சுற்றுப் பட்டியலில் கையிலிருப்பதை விட நிஜமாகவே மேலானவை மட்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுகின்றன, இந்த ஆண்டுத் தகவல் கையேட்டை வரி விடாமல் படித்த பிறகே லாக் செய்யுங்கள்.

22 ஆகஸ்ட் – கேட்டவரிடமிருந்து

மயக்கவியல் முதலில், மெடிசின் இரண்டாவது என்று வைத்துவிட்டேன். மார்ச் மாதம் சொன்னபடி மூன்று இடத்திலும் போய் நின்றேன். ரேடியோ இருட்டறை எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் பட்டியலில் 31ஆவதாக ஒரு ரேடியோ இடம் இன்னும் இருக்கிறது, என் ரேங்குக்குக் கிடைத்தாலும் கிடைக்கும். அப்பாவுக்காகப் போட்டது.

22 ஆகஸ்ட்

அந்த இடம் விழுந்தால் சேருவீர்களா? சேரமாட்டீர்கள் என்றால் இன்றிரவே எடுத்துவிடுங்கள், அப்பாவிடம் நாளைக் காலை பேசுங்கள். சேருவீர்கள் என்றால் இருக்கட்டும், ஆனால் மெடிசின் இடங்கள் எல்லாம் அதற்கு மேலே இருக்கின்றனவா என்று இன்னொருமுறை எண்ணிப்பாருங்கள்.